பெயர் கழன்ற பெட்டிகள்

போன வாரம் கதையை நிறுத்தியபோது அண்ணி நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். கையில் துடைப்பம், கண்ணில் கலவரம், வாசற்படியில் எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு ஒரு பெரிய சிலந்தி.

அது சிலந்தி இல்லை. சிலந்தி கழற்றிப் போட்ட சட்டை. டாரன்டுலா என்கிற அந்தப் பெரிய ரகம், வளர வளரத் தன் தோலை முழுசாக உரித்துப் போட்டுவிடும். கால், பல், முடி எல்லாம் அச்சாக அப்படியே இருக்கும். உள்ளே ஆள்தான் இருக்காது. அண்ணியின் கொழுந்தனான தம்பி அதை ஜன்னலோரம் காய வைத்திருந்தான். மின்விசிறி அதைக் கிளப்பிக்கொண்டு வந்து வாசலில் போட்டது. இந்த விவரமெல்லாம் தெரிவதற்குள் அண்ணி நாலு சாத்துச் சாத்திவிட்டாள்.

"வெறும் சட்டையைப் போய் இந்த அடி அடிச்சிருக்கீங்களே அண்ணி," என்று தம்பி துண்டுகளைப் பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டான்.

"சட்டையா இருந்தா என்ன, பேண்ட்டா இருந்தா என்ன, என் வாசல்ல அதுக்கு என்ன வேலை?"

அந்தச் சண்டையின் முடிவில்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது.

அண்ணி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். மருத்துவமனைக்கு வெள்ளைக் கோட்டு தைக்கும் பெரிய வேலை ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதற்காக இரண்டாவது தையல் மெஷின் நாளைக்கு வருகிறது. அதைப் போட இந்த வீட்டில் இருக்கும் ஒரே இடம், அவள் கணவனுடைய தம்பி தங்கியிருக்கும் பின்னறை. அந்த அறையின் சுவரோரம் முழுக்க ஆறு சிலந்திப் பெட்டிகள்.

தம்பி பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறான். மிருகக்காட்சிச் சாலையில் பூச்சிகளுக்கென்று இருக்கும் தனிக் கூடத்துக்கு வளர்ப்பாளர் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். அது கிடைத்தால் பெட்டிகளும் அவனோடு கூடத்துக்குப் போய்விடும். கிடைக்காவிட்டால், ஆறையும் வேண்டியவர்கள் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு "சரி அண்ணி" என்றான். அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் அண்ணிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அந்த "சரி" அவளை ஒரு வாரமாக உறுத்தியது.

இன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கூடத்தின் பொறுப்பாளரான ஓர் அம்மா இந்த வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

காலையில் தம்பி பார்சல் பையோடு கிளம்பும்போதே அண்ணி சொன்னாள்: "நீ நிம்மதியாப் போயிட்டு வா. அறையை நான் பார்த்துக்கறேன்."

"பெட்டியைத் திறக்காதீங்க அண்ணி."

"எனக்கென்ன பைத்தியமா?"

அவள் திறக்கவில்லை. வெளிப்பக்கம் மட்டும்தான் துடைத்தாள். துடைக்கப் போனால் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு. பழைய பெட்டிகளிலிருந்து பெயர்த்து ஒட்டியதில் கறை படிந்து, ஓரம் சுருண்டு, டேப்பெல்லாம் அழுக்கேறி. வருகிறவர் பெரிய அதிகாரி, முதலில் கண்ணில் படுவது இந்தக் கந்தலா? அண்ணி வெந்நீரில் துணியை நனைத்து ஆறு சீட்டையும் பக்குவமாக உரித்தாள்.

அவளுடைய தையல் வேலைக்கு ஒரு முறை உண்டு. துணியிலிருந்து சீட்டைக் கழற்றினால், துணி இருக்கும் வரிசையிலேயே சீட்டையும் வரிசையாக வைக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் ரவிக்கை இன்னொருத்தருக்குப் போனதில்லை. அதே முறைப்படி ஆறு சீட்டையும் இஸ்திரி மேசையில் இடமிருந்து வலமாகக் காய வைத்தாள். நல்ல வெள்ளை அட்டையில் ஒவ்வொரு பெயரையும் முத்து முத்தாக எழுதினாள். நீலக்கால். பொன்னோரம். வலைக்காரி. விசில். கறுப்பு. பூமிப்புலி. வீட்டுக்குள் புழங்கும் பெயர் பெரிதாக, அதன் கீழே வாயில் நுழையாத அறிவியல் பெயர் சின்னதாக.

அட்டைகளை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். சுவரோரம் காலியாக இருந்தது.

"என்னங்க!"

"இங்கே இருக்கேம்மா," என்று முன்னறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. டயர் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் அண்ணியின் வெட்டு மேசைக்கு முன்னால் பெருமையாக நின்றார். மேசை மேல் ஆறு பெட்டிகளும் அணிவகுத்து உட்கார்ந்திருந்தன.

"வர்றவங்களை இருட்டு அறைக்குள்ள கூட்டிட்டுப் போறதா? வெளிச்சத்துல வச்சுட்டேன். எப்படி இருக்கு?"

"எந்த வரிசையில எடுத்தீங்க?"

"வரிசையா? ரெண்டு ரெண்டா எடுத்தேன். மண்ணு நல்லா இருக்கறதை முன்னாடி வச்சேன். கொஞ்சம் மங்கலா இருந்ததைப் பின்னாடி வச்சேன். அப்புறம் அதுவும் சரியில்லைன்னு ஒரு தடவை மாத்தினேன்."

அண்ணி ஆறு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறும் ஒரே மாதிரிப் பெட்டி. போன மாதம்வரை ஒன்று ஜாடி, ஒன்று பிஸ்கட் டப்பா என்று விதம் விதமாகத்தான் இருந்தன. "பார்க்க அசிங்கமா இருக்கு, ஒரே மாதிரி வாங்கு" என்று சொன்னவளும் அவள்தான். இப்போது ஆறு கண்ணாடிப் பெட்டி, ஆறிலும் பழுப்பு மண், அவசரத்தில் அவள் கண்ணுக்கு ஆறும் ஒன்றுதான். ஆள் ஒருத்தரும் வெளியே இல்லை.

"எனக்கு எல்லாம் மண்ணுதானேம்மா," என்றார் அண்ணன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக.

தம்பி உள்ளே நுழைந்தபோது கணவனும் மனைவியும் பெட்டிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, யார் முதலில் சொல்வது என்று கண்ணாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணிதான் சொன்னாள். ஒரே மூச்சில், முற்றுப்புள்ளி இல்லாமல்.

தம்பி பார்சல் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"பரவாயில்ல அண்ணி," என்றான். முகம் சுண்டிப் போயிருந்தது. "கண்டுபிடிச்சிரலாம்."

"உன் சிலந்தி உனக்குத் தெரியாதாடா?" என்றார் அண்ணன்.

"நாய்க்குட்டியா அண்ணா, கூப்பிட்டா ஓடி வர? இதுங்க எல்லாம் ஆசியாவும் ஆஸ்திரேலியாவும். பொந்தை விட்டு வெளிய வந்தாலே அதிசயம். நான் பார்க்கறது பாதி நேரம் வாசல்ல நீட்டிட்டு இருக்கற ரெண்டு காலைத்தான்."

"கையை விட்டுத் தூக்கிப் பார்த்துடேன்."

"அமெரிக்க ஜாதியா இருந்தா கோபம் வந்தா முதுகு முடியை உதறும், அரிக்கும், அதோட போகும். இதுங்ககிட்ட அந்த முடியே கிடையாது. நேரா கடிதான். பத்து நாளைக்குக் கை வீங்கிக் கிடக்கும்."

அண்ணன் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தம்பி ஜன்னல் திரையை இழுத்து மூடினான். அலமாரியிலிருந்து மெல்லிய ஓவியத் தூரிகை, நீளமான இடுக்கி, டார்ச், பூதக்கண்ணாடி, தண்ணீர்ச் சொட்டுக் குழாய் எல்லாம் மேசைக்கு வந்தன. அண்ணி அட்டைகளைச் சீட்டாட்டக்காரர் போல விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பெட்டியின் பொந்து வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. குடிக்க வந்த காலில் டார்ச் வெளிச்சம் பட்டதும், கறுப்பாக இருந்தது சட்டென்று மயில் கழுத்தாக மின்னியது.

"நீலக்கால்!" என்று அண்ணி அட்டையை நீட்டினாள். அவளுக்கே ஆச்சரியம். இத்தனை நாளும் அது நீலம் என்று பெயர்தான் கேட்டிருந்தாள், பார்த்ததில்லை.

இரண்டாவதை அட்டை தேட வேண்டியதே இல்லை. பெட்டியின் பாதியை வெள்ளை வலையாகப் பின்னி, மேலே கூடாரம், உள்ளே சுரங்கம் என்று வீடு கட்டியிருந்தது. "போன மாசம்தான் இந்தப் பெட்டிக்கு மாத்தினேன், அதுக்குள்ள பாருங்க," என்றான் தம்பி. "வலைக்காரி."

"நல்ல இழை," என்றாள் அண்ணி. "முடிச்சே தெரியல."

மூன்றாவது, முழங்காலுக்குக் கீழே ஜரிகை வைத்த மாதிரிப் பொன்முடியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பொன்னோரம். தம்பியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அண்ணனுக்கும் தைரியம் வந்து நாற்காலியை ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான்காவது பெட்டியில் தூரிகை நுனி பொந்தைத் தொட்டதோ இல்லையோ, உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

அண்ணன் துள்ளி எழுந்தார். "பஞ்சர்! எங்கேயோ காத்து இறங்குது!"

"உக்காருங்க அண்ணா. இது விசில். ஆஸ்திரேலியாக்காரி. பல்லுக்குப் பக்கத்துல சீப்பு மாதிரி முடி இருக்கும், கோபம் வந்தா அதை உரசிச் சத்தம் போடுவா."

"நான் தினம் கேக்கற சத்தம்டா இது. வால்வு லூசா இருந்தா அச்சு இதேதான்."

அண்ணி சிரித்துக்கொண்டே அட்டையை ஒட்டினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது. மிச்சம் இரண்டு பெட்டி, இரண்டு அட்டை: கறுப்பு, பூமிப்புலி. இரண்டும் ஆசிய இனம். கறுப்பு என்பது உடம்பெல்லாம் ஒரே கருமை. பூமிப்புலிக்கு முதுகில் புலிக்கோடு. இதென்ன பிரமாதம் என்று நினைத்தாள்.

ஐந்தாவது பெட்டிக்குத் தம்பி ஒரு கரப்பானை இடுக்கியில் பிடித்துக் காட்டினான். பொந்துக்குள்ளிருந்து ஒரு வேகம். மூவருக்கும் கண்ணில் பட்டது மண் சிதறியது மட்டும்தான். ஆனால் இந்த ஆள் பசியில் முழுசாக வெளியே வந்துவிட்டது. கரப்பானைக் கவ்விக்கொண்டு, திரும்பிப் போக மனமில்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கறுப்பென்றும் சொல்லலாம், அடர்ந்த பழுப்பென்றும் சொல்லலாம். கோடு இல்லை.

"கறுப்பு," என்று தம்பி அட்டைக்குக் கை நீட்டினான்.

"என்னடா இது, டிராக்டர் மாதிரி இருக்கு?" என்றார் அண்ணன்.

"என்ன அண்ணா?"

"பின்னாடி பெரிய சக்கரம், முன்னாடி சின்ன சக்கரம். பின்னங்கால் பாரு, எவ்வளவு தடி. முன்னங்கால் ஒல்லியா இருக்கு."

தம்பியின் கை அந்தரத்தில் நின்றது. குனிந்து பார்த்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்துகொண்டு வருவதை அண்ணி கவனித்தாள்.

"கறுப்புக்குப் பின்னங்கால் இப்படி இருக்காது," என்றான் மெதுவாக. "அண்ணி, அந்தத் தீப்பெட்டி எங்கே? நீங்க அடிச்ச சட்டை. அது கறுப்புப் பெட்டியிலேர்ந்து நானே எடுத்தது."

தீப்பெட்டி வந்தது. உள்ளே அண்ணியின் வீரத்துக்குச் சாட்சியாகத் துண்டு துண்டாகத் தோல். சாஸரில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. நொறுங்கலாக இருந்தது ஊறி இளகியது. ஆனால் எது எந்தக் கால் என்று தம்பிக்குப் பிடிபடவில்லை.

"தள்ளு," என்றாள் அண்ணி.

கத்தரித்த துணியைச் சேர்ப்பது அவளுடைய தினசரி வேலை. இடது கை, வலது கை, முன் பாகம், பின் பாகம். குண்டூசிகளை எடுத்தாள். அடித்த கையே இப்போது அடுக்கியது. ஸ்பாஞ்சின் மேல் எட்டுக் காலையும் ஜோடி ஜோடியாக நீளம் பார்த்து வைத்து, கிழிந்த ஓரத்தைக் கிழிந்த ஓரத்தோடு பொருத்திக் குத்தினாள். கடைசி ஜோடியை வைத்ததும் மூவரும் குனிந்து பார்த்தார்கள். பின்னால் இருந்தது முன்னால் இருந்ததைவிட நன்றாகத் தடித்திருந்தது.

தம்பி பூதக்கண்ணாடியால் வாய்ப் பக்கத்தைப் பார்த்தான். அங்கே வரிசையாகக் கெட்டி முடிகள், விசிலுக்கு இருப்பது போலவே.

"இது கறுப்பே இல்ல," என்றான். "ஆசியாவே இல்ல. ஆஸ்திரேலியா. வாங்கும்போது கடுகளவு இருந்துச்சு. அந்த வயசுல எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்த ஆள் கறுப்புன்னு சீட்டு ஒட்டிக் குடுத்தான், நானும் நம்பிட்டேன். போன மாசம் பெட்டி மாத்தும்போதுகூட முழுசா வெளிய வந்து ஓடிச்சு. சரியாப் பார்க்கவே இல்ல. சீட்டுலதான் பேர் இருக்கேன்னு விட்டுட்டேன்."

"அப்ப மிச்சம் இருக்கறது பூமிப்புலி," என்று அண்ணி ஆறாவது பெட்டிக்கு அட்டையை ஒட்டப் போனாள்.

"வேணாம் அண்ணி."

"ஏன்?"

"அதையும் அதே ஆள்தான் குடுத்தான். அதே நாள், அதே கடுகு."

ஆறாவது பெட்டியைப் பார்த்தார்கள். பொந்தின் வாயே இல்லை. மண்ணையும் இழையையும் சேர்த்துக் கதவு மாதிரி உள்ளேயிருந்து அடைத்துக்கொண்டிருந்தது. தோல் உரிக்கும் காலத்தில் இந்தச் சிலந்திகள் அப்படித்தான் வீட்டைச் சாத்திக்கொள்ளும். தண்ணீர் சொட்டினாலும் வராது, கரப்பானைக் காட்டினாலும் வராது. தோண்டினால் செத்துப் போகும்.

"தம்பி, நான் சொல்றதைக் கேளு. வர்றவங்களும் உள்ள எட்டிப் பார்க்க முடியாது. புலின்னு ஒட்டிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே, எனக்குத் தெரியாதுன்னு."

"இந்த வேலை போச்சுன்னா ஆறும் போயிடும்டா. நாளைக்கு மெஷின் வருது. நான் சொன்ன சொல்லை மாத்த மாட்டேன், அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அண்ணி."

"அப்புறம் என்ன? ஒரு அட்டைக்கு இவ்வளவு பிடிவாதமா?"

தம்பி கையை நீட்டினான். அண்ணியிடமிருந்து புது அட்டை இரண்டை வாங்கினான். ஒன்றில் 'ஆஸ்திரேலிய இனம். முழுப் பெயர் இன்னும் உறுதியாகவில்லை' என்று எழுதினான். இன்னொன்றில் 'தெரியாது' என்று எழுதினான். கோழிக் கிறுக்கலாக இருந்தது. அண்ணியின் முத்து முத்தான எழுத்துக்குப் பக்கத்தில் அது திருஷ்டிப் பொட்டு மாதிரி உட்கார்ந்தது.

அழைப்பு மணி அடித்தது.

கூடத்துப் பொறுப்பாளர் அம்மா, அண்ணி எதிர்பார்த்த மாதிரி மிடுக்காக இல்லை. தோளில் தொங்கும் பை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, வெயிலில் நடந்து வந்த களைப்பு. "ஒரு வாய் தண்ணி குடுங்கம்மா" என்று கேட்டுக் குடித்துவிட்டு, நாற்காலியைத் தானே இழுத்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பெட்டி பெட்டியாகப் பார்த்தார். மண் எவ்வளவு ஆழம், ஈரம் எந்தப் பக்கம், கரப்பான் எங்கே வாங்குகிறாய் என்று சின்னச் சின்னக் கேள்விகள். தம்பி பதில் சொன்னான். விசில் மறுபடி விசிலடித்தது. அந்த அம்மா சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

ஐந்தாவது அட்டையைப் படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு ஆறாவது அட்டை.

"தெரியாதுன்னு எழுதினது யாரு?"

அண்ணன் மேலே மின்விசிறியைப் பார்த்தார். தம்பி வாயைத் திறப்பதற்குள் அண்ணி முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், ஒரு நிமிஷம். இதுல தம்பி தப்பு ஒண்ணும் இல்ல. பெட்டிக்கெல்லாம் சீட்டு சரியா ஒட்டித்தான் வச்சிருந்தான். அழகா இருக்கட்டும்னு நான்தான் உரிச்சேன். இவர் பெட்டியை இடம் மாத்திட்டார். மத்தியானத்துலேர்ந்து பையன் சாப்பிடக்கூட இல்ல, ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்து ஒட்டினான். இந்தக் கடைசி ஒண்ணுக்கும் பேர் எழுதி வச்சிருக்கேன், ஒட்டிடுடான்னு சொன்னேன். பார்க்காம ஒட்ட மாட்டேன்னுட்டான். பொறுப்பில்லாத பையன்னு நினைச்சிடாதீங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்தது: இந்தப் பெட்டிகளை வீட்டை விட்டு அனுப்ப ஒரு வாரமாகத் துடித்தவளும் அவள்தான். ஆனால் அந்த நேரம் மெஷின் ஞாபகத்துக்கே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்ற பையன்தான் கண்ணில் பட்டான்.

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். தம்பி மனுவோடு அனுப்பிய படம். ஐந்தாவது பெட்டிக்காரர்தான் அதில் இருந்தார். கீழே 'கறுப்பு' என்ற பெயரோடு.

"படத்தைப் பார்த்த அன்னைக்கே எனக்குச் சந்தேகம்," என்றார். "கால் வேற மாதிரி இருக்கே, இவன் பேரை எழுதினது பார்த்து எழுதினானா, கேட்டு எழுதினானான்னு. அதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இங்கே வந்து பார்த்தா கேள்விக்கு முன்னாடியே பதில் ஒட்டியிருக்கு."

"சீட்டு கழலாம இருந்திருந்தா நான் கறுப்புன்னுதான் சொல்லியிருப்பேன் மேடம்," என்றான் தம்பி.

"அதையும் நீயே சொல்றியா? சரிதான்." அந்த அம்மா அண்ணியைப் பார்த்தார். "எங்க கூடத்துக்கும் உங்களை ஒரு நாள் கூட்டிட்டுப் போய் எல்லாச் சீட்டையும் உரிக்கச் சொல்லணும் போல இருக்கும்மா. நான் கைப்பட ஒட்டின தப்பே அங்க ரெண்டு மூணு கிடைக்கும்." பிறகு தம்பியிடம், "திங்கட்கிழமை காலையில வந்துடு," என்றார்.

அண்ணன் கை தட்டிவிட்டார். யாரும் கூடச் சேர்ந்து தட்டாததால் அதைக் கொசு அடித்த மாதிரி முடித்துக்கொண்டார். தம்பி குனிந்து 'தெரியாது' அட்டையை நேராக்கினான். கண் மட்டும் பளபளத்தது. அண்ணி டீ வைக்கச் சமையலறைக்கு ஓடினாள். அங்கே ஒரு நிமிஷம் தனியாக நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

டீயோடு வந்தவள் கேட்டாள்: "அப்ப, பெட்டியெல்லாம் திங்கட்கிழமையே எடுத்துட்டுப் போயிடலாங்களா மேடம்?"

"அது முடியாதும்மா. வெளியிலேர்ந்து வர்ற எதையும் உடனே கூடத்துக்குள்ள சேர்க்க மாட்டோம். நோய் நொடி இருக்கான்னு கொஞ்ச மாசம் தனியா வச்சுப் பார்க்கணும். தனி இடம் எங்ககிட்ட இப்ப இல்ல. இங்கேயே இருக்கட்டும், நல்ல அறைதான்." ஒரு வாய் டீ குடித்தார். "சொல்ல மறந்துட்டேன். பேர் தெரியாம எங்களுக்கு வந்தது நாலு இருக்கு. அதையும் இவன்கிட்ட குடுத்தனுப்பறேன்."

அண்ணி கணவனைப் பார்த்தாள். கணவன் தம்பியைப் பார்த்தார். தம்பி டீயைப் பார்த்தான்.

நாளைக்கு மெஷின் வருகிறது. அண்ணி வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப் போனாள் என்பது அவளுக்கே தெரியாமல் போயிற்று. ஏனென்றால் அண்ணன் திடீரென்று "ஏய், கதவு!" என்று கத்தினார்.

ஆறாவது பெட்டி. அடைத்திருந்த மண் ஒரு பக்கம் விண்டது. ஒரு கட்டி உருண்டது. உள்ளேயிருந்து ஏதோ தள்ளியது, நின்றது, மறுபடி தள்ளியது. நான்கு தலைகள் ஒரே பெட்டியின் மேல் குனிந்தன. இருட்டுக்குள்ளிருந்து முதலில் ஒரு கால் வந்தது. அடுத்த கால். பிறகு எட்டும் மொத்தமாக, உயிரில்லாமல், மடங்கி மடங்கி மண் மேல் வந்து விழுந்தது.

சட்டை. உரித்துப் போட்டதை உள்ளேயிருப்பவர் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, மறுபடி இருட்டுக்குள் போய்விட்டார். ஒரு கிழிசல் இல்லாத முழுச் சட்டை.

"யாரும் துடைப்பத்தை எடுக்காதீங்க," என்றாள் அண்ணி.

தம்பி இடுக்கியால் பூப் போல எடுத்தான். அண்ணி தையல் மெஷினின் விளக்கை மேசைக்கு இழுத்தாள், ஸ்பாஞ்சை வைத்தாள், குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஈரம் காயாத தோல் அழகாக விரிந்தது. பொறுப்பாளர் அம்மா ஒரு பக்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தம்பி மறு பக்கம் பூதக்கண்ணாடியோடு குனிந்தான். கால், பல், பல்லோரத்து முடி என்று இருவரும் ஒரே வரிசையில் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஒரே நேரத்தில் பெயரைச் சொன்னார்கள்.

இரண்டும் வேறு வேறு பெயர்.

அந்த அம்மாவின் புருவம் மேலே ஏறியது. திங்கட்கிழமை முதல் அவருக்குக் கீழே வேலை பார்க்கப் போகிறவன், சாந்தமாக, "இல்ல மேடம்," என்றான்.

அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி மட்டும், மெஷினுக்கு இடம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, இரண்டு நாற்காலியை எதிரெதிரே இழுத்துப் போட்டாள். எழுதாத அட்டை ஒன்றை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு, விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.